துணைக்குப் போனவன்

கைஷெங்குக்குப் புளித்த மூங்கில் குருத்து பிடிக்கும் என்பதை யின்ஹுவா அவன் வேலைபார்க்கும் டோங்குவான் நகருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். சொந்த ஊரான குய்ச்சோ மலையில் அவள் வைத்துக் கொடுத்த தக்காளிப் புளிரசத்தைத் தவிர வேறெதையும் அவன் புளிப்பென்று ஒப்புக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டில் குருத்துப் பானையைத் திறந்தால், "எவன் வீட்டுச் சாக்கடை அடைச்சிருக்கு?" என்று மூக்கைப் பொத்துகிறவன். இப்போது சந்துமுனைக் கடையிலிருந்து ஒரு பை வாங்கிவந்து, "பன்னிக்கறியோட வதக்கிப் போடு" என்று அடுப்பருகே வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

அவள் வதக்கினாள். அந்த ஒற்றை அறையில் வாடை கட்டில் விரிப்பு வரைக்கும் ஏறியது. கைஷெங் ஒரு வாய் எடுத்து மென்றான்.

"முதல்ல வெறுஞ்சட்டியில வறட்டணும். தண்ணி சுண்டினப்புறம்தான் எண்ணெய் ஊத்தணும்."

அடுப்புப் பக்கமே வராத மனுஷன். யின்ஹுவா சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எல்லாரும்னா?"

"குவாங்ஷி மாகாணத்துக்காரங்க," என்று சொல்லிவிட்டு அவன் பீர் பாட்டிலைத் திறந்தான்.

அன்றிலிருந்து அந்த அறையை அவள் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். ஜன்னல் திரையின் அடி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. சின்னச் சின்னத் தையல், ஒரே அளவில். கைஷெங் பித்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிறவன். கதவுக்குப் பின்னால் துண்டு மாட்ட ஓர் ஆணி, அவன் தோளுக்கும் கீழே அடித்திருந்தது. யின்ஹுவா அதன் எதிரே போய் நின்று பார்த்தாள். அவள் உயரத்துக்கும் அது கொஞ்சம் தாழ்வுதான். என்னைவிடக் குட்டை, என்று நினைத்துக்கொண்டாள். குட்டையான பெண்கள் எல்லாரும் அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு விரோதிகளானார்கள்.

வைகாசி மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. எதிர்க் கட்டிடத்துக்காரன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் இவர்கள் கொடியிலிருந்து காலுறையை எடுத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். மொட்டைமாடிப் பொதுக்குழாயில்தான் பெண்கள் கூடுவார்கள். அங்கே டெங் அக்கா உண்டு. சிச்சுவான்காரி. வாயில் சிகரெட்டோடு துணி துவைப்பாள், சாம்பல் விழுந்தால் இன்னொரு முறை அலசுவாள்.

"அக்கா, நான் வர்றதுக்கு முன்னாடி எங்க ரூமுக்கு யாரு வந்து போவாங்க?"

"கரப்பான் பூச்சி."

"விளையாடாதீங்க. கதவுக்குப் பின்னாடி துண்டு ஆணி என் உயரத்துக்கும் கீழ இருக்கு."

"ஏண்டி, ஒன்பது வருஷமா ஊர்ல சோளத்தையும் பன்னியையும் பாத்துக்கிட்டு இருந்தவ, இப்ப வந்து ஆணியை அளந்துக்கிட்டு நிக்கிறியா?" டெங் அக்கா புகையை ஊதினாள். "இந்தத் தெருவுல பாதிப் பேரு அப்படித்தான். அவளுக்கு அங்க ஒரு புருஷன், இவனுக்கு அங்க ஒரு பொண்டாட்டி. இங்க ஒரே சட்டி. புத்தாண்டுக்கு ஆளுக்கொரு பஸ்ஸு. காதலும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது. சட்டி ஒண்ணா இருந்தா கேஸு மிச்சம்."

"கேஸு மிச்சம் பண்ணவா திரைச்சீலை தைச்சா?"

டெங் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியைப் பிழிந்தாள். அதுவே யின்ஹுவாவுக்குப் போதுமாக இருந்தது.

கைஷெங் வேலைபார்த்த செருப்புத் தொழிற்சாலையிலேயே அவளுக்கும் நூல் நறுக்கும் வேலை கிடைத்தது. ஆண்கள் கீழே அடித்தோல் ஒட்டும் பிரிவில் இருந்தார்கள். பசை வாடை மாடிப்படி ஏறி வரும். முதல் வாரம் முழுக்க அவளுக்குத் தலைவலி. ஆண்கள் முகமூடியைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். கேட்டால், "மூக்க மூடிட்டா சிகரெட்ட எங்க வைக்கிறது?" என்பார்கள். காய்ச்சல் வந்தால் சந்துக்குள் இருக்கும் லைசென்ஸ் இல்லாத டாக்டரின் பலகைக் கடைக்குப் போய், அவன் என்ன படித்தான் என்று கேட்காமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் கூலி போகும், அதோடு இல்லாத வியாதியையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் ஒப்புதலான பேச்சு.

யின்ஹுவா நூலை நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தாள். கைஷெங் பெயரைச் சொன்னால் யார் நிமிர்கிறாள், யார் குனிகிறாள்? சாப்பாட்டு வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு குட்டைப் பெண் சிரித்தாள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன மாதம்தான் வேலை கிடைத்தது என்று தெரிந்தது. அதிலும் யின்ஹுவாவுக்கு நிம்மதி வரவில்லை. வெறுக்க ஒரு முகம் கையில் கிடைத்து, அதுவும் போய்விட்டது.

ஆனி பிறந்த சமயம் தொழிற்சாலை வாசலில் சுகாதார நிலையத்துக்காரர்கள் கூடாரம் போட்டார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் சோப்புத்தூள் பை இலவசம். டெங் அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள்.

நான்கு நாள் கழித்து யின்ஹுவாவை மட்டும் கூப்பிட்டார்கள். உள்ளறையில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, மெதுவாகப் பேசினாள். சிபிலிஸ். மேக நோய். ரத்தத்தில் இருக்கிறது. வாரம் ஒன்றாக மூன்று முறை ஊசி போட்டால் தீரும், பயப்பட வேண்டாம்.

"நான் அப்படிப்பட்டவ இல்ல," என்றாள் யின்ஹுவா.

"உங்கள யாரும் அப்படிச் சொல்லல. வீட்டுக்காரரும் வரணும், அவருக்கும் ரத்தம் பாக்கணும். குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. பதினஞ்சு வயசு. ஊர்ல ஹாஸ்டல்ல இருக்கா."

"கர்ப்பம் ஏதாச்சும் கலைஞ்சிருக்கா?"

யின்ஹுவா சட்டையின் நுனியைச் சுருட்டினாள். "போன வருஷம். ஆறாம் மாசம். பையன். வயித்துலயே போயிடுச்சு. சோளம் அறுப்பு. முதுகுல கூடையோட மேட்ட ஏறினேன். மாமியா அப்பவே சொன்னாங்க, தூக்காதேன்னு."

டாக்டரின் பேனா நின்றது.

"சோளம் தூக்கினதால இல்லாம இருக்கலாம்," என்றாள். "இந்த நோய் இருந்தா அப்படி ஆகும்."

ஒரு வருஷமாக மாமியார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ரெண்டு கூடை சோளத்துக்காக என் பேரனைக் கொன்றவள். போனில் கைஷெங்கும் கேட்டான்: "உன்ன யாரு தூக்கச் சொன்னா?" அவளும் நம்பினாள். கூடைப் பட்டையின் தழும்பு தோளில் மறையும்வரை அதைத் தடவிப் பார்த்துப் பார்த்து நம்பினாள். இத்தனை இருந்தும், டாக்டர் சொன்ன அந்த நிமிஷத்தில் முதலில் வந்து நின்றது குழந்தை இல்லை. முகம் தெரியாத அந்தக் குட்டைப் பொம்பளைதான். அவளுக்கும் இது இருக்கும் என்று நினைத்தாள். இருக்கட்டும். சொல்லப் போவதில்லை. அழுகட்டும்.

அன்று சாயங்காலம் அவள் நோயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பெயரை மட்டும் கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"திரை தைச்சவ. ஆணி அடிச்சவ. உனக்குக் குருத்து தின்னப் பழக்கினவ."

கைஷெங் விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை உரித்தான். தோலும் கூட வந்தது. "நீ வர்றேன்னு சொன்னதுமே போயிட்டா. எல்லாம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதான்னு நான் கேட்டேனா? பேரைக் கேட்டேன்."

"வெய் லியான்."

"அழகா இருப்பாளா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே யோசித்தான் போலிருந்தது. "தெரியல," என்றான்.

அழகி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முகத்தைப் பார்க்கவே தேவைப்படாத அளவுக்குப் பழகியிருக்கிறான்.

இடத்தை டெங் அக்காதான் சொன்னாள். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி அரிசி நூடுல்ஸ் கடை. போறதுன்னா போ. ஆனா கத்தி கித்தி எடுத்துட்டுப் போகாத, எனக்குச் சாட்சி சொல்ல லீவு கிடைக்காது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் வடிந்த நேரம், மழையோடு போனாள். கடையில் ஒருத்திதான் இருந்தாள். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பெரிய தொட்டியில் நூடுல்ஸை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். யின்ஹுவாவைவிட நாலைந்து வயது மூத்தவள். வகிட்டில் நரை. முன்பல்லில் ஒன்று உடைந்திருந்தது. இவளா? இதற்கா? யின்ஹுவா தன் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது இப்போது அவமானமாக இருந்தது.

"என்ன போடட்டும்?" என்று நிமிர்ந்தவள் கையை ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள் அவள்.

"யாருக்கு யாருடி அண்ணி? நான் அண்ணின்னா அவன் உனக்கு என்ன முறை? அண்ணன்கூடவா குடும்பம் நடத்தின?"

வெய் லியான் தலையைக் குனிந்தாள். "உக்காருங்க."

"உக்கார வரல."

"அப்ப நின்னுக்கிட்டே திட்டுங்க. கொஞ்சம் மெதுவா. முதலாளியம்மா மேல தூங்குறாங்க."

"என்ன எப்படித் தெரியும் உனக்கு?"

"உங்க போட்டோ சுவத்துல இருந்துச்சே. மக பள்ளிக்கூட வாசல்ல எடுத்தது. அவரு அதைக் கழட்டல. நானும் கழட்டச் சொல்லல."

"என் மூஞ்சி முன்னாடியேவா?"

"லைட்ட அணைச்சிருவோம்," என்றாள் வெய் லியான். கிண்டல் இல்லை, கேட்டதற்குச் சொன்னாள்.

யின்ஹுவா காலால் தொட்டியை உதைத்தாள். நூடுல்ஸும் தண்ணீரும் சிமெண்டுத் தரையெங்கும் ஓடின. திருப்பிக் கத்துவாள், தலைமயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் வந்திருந்தாள். வெய் லியான் முக்காலியை நகர்த்திவிட்டு, குத்துக்காலிட்டு நூடுல்ஸை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். அள்ளிக்கொண்டே கேட்டாள்:

"ஊசி மூணும் போட்டு முடிச்சிட்டீங்கல்ல?"

"என்ன ஊசி?"

அவள் கை நின்றது.

"அண்ணி... ஊர்ல மாவட்ட ஆஸ்பத்திரியில போட்டுக்கிட்டீங்கன்னு சொன்னாரே."

"யாரு?"

"அவருதான். நான் விடாம கேட்டேன். டாக்டர் சொன்னாங்க, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் கண்டிப்பா பாக்கணும்னு. எழுதிக்கூட கொடுத்தாங்க. சொல்லியாச்சு, போட்டாச்சுன்னாரு."

யின்ஹுவா அப்போதுதான் உட்கார்ந்தாள். ஈர பெஞ்சு.

"எப்போ இது?"

"போன வருஷம், நிலாப் பண்டிகைக்கு முன்னாடி. எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. யாருகிட்டேர்ந்து யாருக்குன்னு சண்டை போட்டோம். எனக்கு முன்னாடி அவரு அந்தச் சிவப்பு லைட்டு முடிவெட்டுற கடைக்கெல்லாம் போயிருக்காரு. நானும் ஒண்ணும் உத்தமி இல்ல. அப்புறம் சண்டைய விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"போனோமா? அவனும் வந்தானா?"

"வாராவாரம் வந்தாரு. லீவு போட்டுட்டு."

"லீவு போட்டுட்டு," என்றாள் யின்ஹுவா.

"அவருக்கும் போடணுமே. எனக்கு முதல் ஊசியன்னிக்கே காய்ச்சல் தூக்கி அடிச்சுது. மாடிப்படி ஏற முடியல. முதுகுல தூக்கிட்டுப் போனாரு. கஞ்சி வெச்சாரு."

"கைஷெங்குக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது."

"கருகிடுச்சு," என்றாள் வெய் லியான். "குடிச்சேன்."

நிலாப் பண்டிகைக்கு முன்னால். குழந்தையைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து யின்ஹுவா அவனைக் கூப்பிட்டிருந்தாள். ஒரு நாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்றாள். சரக்கு அனுப்புகிற சமயம், லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றான் அவன். அவள் அவனுக்காகப் பரிதாபப்பட்டாள். பசை வாடையில் பாவம் என்ன பாடுபடுகிறானோ என்று கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்தாள்.

"நாளைக்கே போங்க அண்ணி," என்றாள் வெய் லியான். "தனியா போக ஒருமாதிரி இருந்தா நான் வர்றேன்."

"உன் துணை எனக்கெதுக்குடி?"

எழுந்து வெளியே வந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் தரையில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கட்டி நல்லபடியாக எடுத்தார்களா என்று கேட்கத் தோன்றியது யின்ஹுவாவுக்கு. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டில் கைஷெங் கட்டிலில் சாய்ந்து போனில் சீட்டாடிக்கொண்டிருந்தான். அவள் குடையை மூலையில் வைத்தாள்.

"கஞ்சி வையி."

"என்னது?"

"அரிசி அந்த டப்பாவுல இருக்கு. கஞ்சி வையி."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மெதுவாக எழுந்தான். அரிசியைக் கழுவாமலே போட்டான், தண்ணீர் ஊற்றினான், அடுப்பைப் பற்றவைத்தான். அவள் கட்டிலில் அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரத்தத்துல இருக்கு," என்றாள். "உனக்குத்தான் தெரியுமே என்னன்னு."

அவன் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"அவளுக்கு லீவு கிடைச்சுது. எனக்குக் கிடைக்கல. அப்படித்தான?"

"அப்ப சரக்குப் போற நேரம்..."

"ஒரு மாசத்துல சரக்கெல்லாம் தீந்துபோச்சா?"

"எனக்கும் போட வேண்டியிருந்துச்சு, யின்ஹுவா. அவளுக்காக மட்டும் போகல."

"சரி. உனக்குப் போட்டாங்க. அவளுக்குப் போட்டாங்க. எனக்கு?"

"சொல்லத்தான் புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தேன். சத்தியமா. வந்து பாத்தா நீ மீன் பொரிச்சுக்கிட்டு மககூடச் சிரிச்சுக்கிட்டு இருந்த. குழந்தை போனப்புறம் நீ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். வாய் வரல."

"வாய் வரல. படுக்க மட்டும் வந்துச்சு."

கஞ்சி கொதித்துச் சட்டி விளிம்பில் நுரைத்தது.

"ஊசி போட்டப்ப டாக்டர் உன்கிட்டச் சொல்லியிருப்பாங்கல்ல, வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகும்னு?"

"சொன்னாங்க," என்றான்.

"அப்ப உனக்குத் தெரியும். உங்கம்மா சந்தையில நின்னு என்னக் கொலைகாரின்னு சொன்னப்ப உனக்குத் தெரியும். நான் போன்ல அழுதப்பத் தெரியும். 'சரி விடு, இனிமே கூடை தூக்காத'ன்னியே, அப்பவும் தெரியும்."

கைஷெங் அழ ஆரம்பித்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் குலுங்க. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. அந்த வெய் லியான் முன்னால் எத்தனை தடவை இப்படி அழுதிருப்பானோ, அவள் முதுகைத் தடவிக் கொடுத்திருப்பாளோ என்றுதான் நினைப்பு ஓடியது.

"உங்கம்மாவுக்குப் போன் போடு."

"இப்பவா?"

"சத்தமா வெச்சுப் பேசு. நான் கேக்கணும்."

"அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லாத மாதிரியே சொல்லாம இருந்துடலாம்னு பாக்கிறியா? போடு. இல்லேன்னா நான் போடுறேன். நான் சொன்னா முடிவெட்டுற கடையும் சேந்து வரும்."

போட்டான். ஊரில் கோழிகள் கத்துவது கேட்டது. மாமியார் மழை உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். கைஷெங் இரண்டு முறை இருமினான்.

"அம்மா, அந்தக் குழந்தை... அது யின்ஹுவா சோளம் தூக்கினதால போகல."

"பின்ன?"

"எனக்கொரு வியாதி இருந்துச்சு. இங்க வாங்கினது. பொம்பளைங்ககிட்ட. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். அதனாலதான் போச்சு. டாக்டர் சொன்னாங்க."

கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சோளம் இல்லியா?" என்றாள் கிழவி.

"சோளம் இல்லம்மா."

"அவ பக்கத்துல இருக்காளா?"

கைஷெங் யின்ஹுவாவைப் பார்த்தான். அவள் அசையவில்லை. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல மூச்சு கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள். அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. யாரும் அணைக்கப் போகவில்லை, கடைசியில் யின்ஹுவாதான் போய் அணைத்தாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பியபோது கைஷெங் லீவு சொல்லிவிட்டு வாசலில் குடையோடு நின்றான். வராதே என்று சொல்ல நினைத்தாள். அவளுக்காக நின்ற வரிசையில் எனக்காகவும் நில்லு என்றும் நினைத்தாள். இரண்டையும் சொல்லாமல் நடந்தாள். அவன் ஓரடி பின்னால், குடையை அவள் பக்கமாகவே பிடித்துக்கொண்டு, வலது தோள் நனைய வந்தான்.

சுகாதார நிலையத்தில் அவனுக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். உள்ளே போகப் போனவள் நின்று அவனைக் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும். ரெண்டு பக்கமும் போடுவாங்க. மருந்து கெட்டியா இருக்கும், மெதுவா இறங்கும்."

"அவ அழுதாளா?"

கைஷெங் மடித்த குடையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று பார்ப்பது தெரிந்தது.

"அழுதா," என்றான்.

"நீ?"

"நான் அவ கையப் புடிச்சிக்கிட்டேன்."

"ம்."

திரைக்குப் பின்னால் குப்புறப் படுத்தாள். முதல் ஊசி இறங்கும்போது கால் நரம்பு முழுக்க இழுத்தது. இரண்டாவது அதைவிட மோசம். நர்ஸ், "கத்தணும்னா கத்தும்மா, எல்லாரும் கத்துவாங்க," என்றாள். யின்ஹுவா தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். திரைக்கு வெளியே அவன் செருப்பு தெரிந்தது. நிற்பதும், ஒரு தப்படி முன்னால் வருவதும், நிற்பதுமாக இருந்தது. அவன் காது கேட்கிற தூரத்தில் ஒரு முனகல்கூட வெளியே போகவிடாமல் அவள் கடைசிச் சொட்டு இறங்கும்வரை படுத்திருந்தாள்.